வடசென்னையிலிருந்து குகைக்கோயில் பார்க்க எந்தப் பக்கம் போகலாம்?

வடசென்னைக்காரர்களுக்கு மலை என்பதே வெளியூர் சங்கதி. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எங்கே கடப்பாரை போட்டாலும் மணல்தான், மிஞ்சினால் களிமண். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் சுவரில் அபராஜிதவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ அரசர்களில் கடைசியாகப் பேசப்படுகிறவர் அவர். பல்லவர் சுவடு நம்ம ஊரிலேயே இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் பல்லவர்கள் பாறையைக் குடைந்து செய்த கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டி ஏறித்தான் ஆக வேண்டும்.

எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வேன் போட்டு இப்படி ஒரு நாள் போய்வரலாம் என்று பேச்சு வந்தது. "மகாபலிபுரம்தானே, வேற என்ன?" என்றார்கள் பாதிப் பேர். எதிர்வீட்டு அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி: "அங்க போனா சாமி இருக்குமா தம்பி, இல்ல வெறும் கல்லா?" அவர் வீட்டுக்காரர் இன்னொன்று கேட்டார்: "ராத்திரி எத்தினி மணிக்கு வீட்டாண்ட வந்து சேருவோம்?" குகைக்கோயில் விஷயத்தில் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும். தூரம் எத்தனை கிலோமீட்டர் என்பது அதற்கு அப்புறம்தான். நம்ம பக்கத்திலிருந்து தெற்கே போகிறவருக்கு ஊரைத் தாண்டுவதே ஒரு பயணம். அடையாறுக்காரர் மாமல்லபுரத்தில் இறங்கி டீ குடித்து முடிக்கும்போது நாம் திருவான்மியூர் சிக்னலில் நின்றுகொண்டிருப்போம்.

மாமல்லபுரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம், எப்படியும் எல்லார் வாயிலும் வரும் பெயர் அதுதான். 1984லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடம். ஆனால் குகைக்கோயில் பார்க்கவென்று அங்கே போய், ஒரு குகைக்குள்ளும் நுழையாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். வண்டி நேராகக் கடற்கரைக் கோயிலுக்குப் போகும். அது கல்லை அடுக்கிக் கட்டிய கோயில். அடுத்து ஐந்து ரதம். அவை பாறையை வெளியிலிருந்து செதுக்கி எடுத்த ஒற்றைக்கல் கோயில்கள், குகை அல்ல. பிறகு வெண்ணெய்ப் பாறையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ, அர்ச்சுனன் தபசு முன்னால் ஒரு போட்டோ, மீன் வறுவல், வீடு. குகைகள் இருப்பது ஊருக்கு நடுவிலுள்ள அந்தக் குன்றின் மேலும் பின்னாலும். அங்கே ஏறுவதற்குள் எல்லாருக்கும் கால் வலி வந்துவிடுகிறது.

ஆகவே போனால் குன்றுக்கு முதலில் போக வேண்டும். மண்டபம் என்று பெயர் இருந்தாலும் அங்குள்ளவை குகைகள்தான். அதிலும் வெளிச்சம் பார்த்துப் போவது நல்லது. மகிஷாசுரமர்த்தினி மண்டபம் கிழக்கே பார்த்தது, காலை வெயில் உள்ளே விழும். ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு துர்க்கை முன்னேறி வருகிறாள். எருமைத் தலை மகிஷன் பின்னுக்குச் சாய்கிறான், ஆனால் கையிலுள்ள கதாயுதத்தை இன்னும் விடவில்லை. நேர் எதிர்ச் சுவரில் திருமால் பாம்பணையில் அசையாமல் படுத்திருக்கிறார். ஒரு சுவரில் அத்தனை ஆரவாரம், எதிரே அத்தனை அமைதி. நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கத்தான் அந்த மண்டபத்தைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். வராக மண்டபம் மேற்கே பார்த்தது, அதற்கு மாலை நேரம்தான் வாகு. பூமகளைத் தூக்கிய வராகர், ஓங்கிய காலோடு திரிவிக்கிரமர், யானைகள் நீராட்டும் கஜலட்சுமி, துர்க்கை என்று நாலு சிற்பமும் சின்ன இடத்துக்குள் நெருக்கமாக இருக்கும்.

கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தனத்தைத் தூக்கிய கண்ணனைவிட எனக்குப் பிடித்தது, பக்கத்தில் பால் கறக்கிற ஆயன்தான். பசு கன்றை நக்கிக்கொடுத்துக்கொண்டே நிற்கிறது. முன்னால் இருக்கிற தூண் வரிசை விஜயநகர காலத்தில் சேர்த்தது என்பதால் சிலர் அதைப் பார்த்துவிட்டு இது குகையே இல்லை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

குகையை எப்படிக் குடைந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு முடிந்த குகையைவிட முடியாத குகைதான் நல்ல வாத்தியார். அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்திலேயே பஞ்சபாண்டவ மண்டபம் இருக்கிறது. முகப்புத் தூண்கள் ஒழுங்காக நிற்கும். உள்ளே போனால் வேலை பாதியில் நின்ற பாறை. உளியால் கட்டம் கட்டமாகப் பள்ளம் ஓட்டுவது, பிறகு கட்டத்துக்கு நடுவே துருத்தி நிற்கும் கல்லை அடித்துத் தள்ளுவது, ஓர் அடுக்கு முடிந்ததும் மறுபடி கட்டம் போடுவது, இதுதான் முறை. டைனமைட்டும் கிடையாது, கிரைண்டரும் கிடையாது. இரும்பு உளி, சுத்தி, அவ்வளவுதான். மழுங்கின உளியைக் காய்ச்சித் தட்டிக் கொடுக்கப் பக்கத்திலேயே ஒரு கொல்லன் உலை எப்போதும் எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

அக்காவின் கேள்விக்கு மாமல்லபுரத்தில் பதில் கொஞ்சம் சிக்கல். மேலே சொன்ன மண்டபங்களில் பூசை கிடையாது. குன்றின் மேற்குப் பக்கமுள்ள ஆதிவராகர் குகையில் மட்டும் வழிபாடு உண்டு. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த அரச உருவங்கள் தேவியரோடு இருப்பதும் அங்கேதான். ஆனால் பூசை நேரம் தவிர மற்ற நேரத்தில் அது பூட்டியிருக்கும், நம்பிப் போக முடியாது. ஊருக்குள் தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய திருக்கடல்மல்லை அதுதான். குகை இல்லை, கட்டின கோயில். வீட்டுப் பெரியவர்களை அங்கே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் குன்று ஏறலாம்.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் டிக்கெட் உண்டு. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒரு இடத்தில் வாங்கினது இன்னொரு இடத்திலும் செல்லும், கசக்கி எறிந்துவிடாதீர்கள். ஈசிஆர் வழியாகப் போனால் ஊருக்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை வரும். யாளித் தலைகள் சூழ்ந்த அந்தப் பாறையை எல்லாரும் பார்க்கிறார்கள். அதே வளாகத்தில் அதிரணசண்ட மண்டபம் என்று ஒரு குகை இருக்கிறது. அதன் சுவரில் ஒரே சுலோகங்களைப் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு முறையும் நாகரி எழுத்தில் ஒரு முறையுமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே போகிற கூட்டம் மிகக் குறைவு.

சரி, சாமியும் வேண்டும் குகையும் வேண்டும் என்றால்? வல்லம்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் கொஞ்ச தூரம்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லம் வேறு. சின்னக் குன்று, படி ஏறினால் வேதாந்தீசுவரர். முன்னால் பிற்காலத்து மண்டபம் கட்டியிருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் சிவன் கோயில்தான். உள்ளே போனதும் பாறைக்குள் நிற்கிறோம் என்று தெரியும். தூணைப் பாருங்கள்: அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம். நடுப்பட்டையைக் கட்டு என்பார்கள். பல்லவ அரசன் மகேந்திரவர்மன் காலத்துக் குகை என்றால் இந்தத் தூண்தான் அடையாள அட்டை. அலங்காரம் கிடையாது, பருத்த தூண், அவ்வளவுதான். அதே நாளில் மாமல்லபுரம் போய் வராக மண்டபத்தில் சிங்கம் உட்கார்ந்து தாங்கும் மெல்லிய தூணைப் பார்த்தால், தாத்தா காலத்திலிருந்து பேரன் காலத்துக்குள் சிற்பிகளின் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வல்லத்தில் இன்னொரு விசேஷம், அங்குள்ள கல்வெட்டு தமிழில் இருப்பது. மகேந்திரனின் மற்றக் குகைகளில் பெரும்பாலும் சமஸ்கிருதம்தான். இங்கே, மகேந்திரப் போத்தரசரின் அடியாரான வயந்தப்பிரி அரசர் மகன் கந்தசேனன் செய்வித்த தேவகுலம், அதாவது கோயில், என்று பழந்தமிழில் வெட்டியிருக்கிறது. அதாவது ராசா செய்யவில்லை, ராசாவுக்குக் கீழிருந்த ஒரு சிற்றரசன் மகன் செய்திருக்கிறான். 7ஆம் நூற்றாண்டு எழுத்து. நம்மால் படிக்க முடியாது, ஆனால் இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டினால் பிள்ளைகள் விரல் வைத்துத் தேடும். அதே குன்றில் இன்னும் இரண்டு குகைகள் உண்டு, ஒன்றில் பெருமாள் இருக்கிறார். பூசை நேரத்தில் போனால்தான் உள்ளே நன்றாகப் பார்க்க முடியும், ஆகவே காலையிலேயே போய்விட வேண்டும்.

வல்லத்திலிருந்து அப்படியே கிழக்கே போனால் திருக்கழுக்குன்றம். மலை மேல் வேதகிரீசுவரர் கோயிலுக்குப் போகிற பாதையில் ஒருகல் மண்டபம் என்ற குகை இருக்கிறது. பக்கத்து சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் சிலர் அங்கே வந்து தங்கள் பெயரைத் தூணிலும் சுவரிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். "இன்னார் லவ் இன்னார்" என்று கிறுக்குவது நம்ம பசங்க கண்டுபிடித்தது இல்லை என்று தெரிகிறது. படி அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் இதை விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. அங்கிருந்து மாமல்லபுரம் கொஞ்ச நேரத்து ஓட்டம்தான்.

வண்டி வேண்டாம் என்கிறவர்கள் பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு லோக்கல் பிடிக்கலாம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும், ஆனால் ஏறும் இடத்திலேயே ரயில் புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். வடசென்னைக்காரனுக்கு இருக்கிற சில சலுகைகளில் அது ஒன்று. திரும்பி வந்து இறங்கினால் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகள். இதெல்லாம் குகைக்கோயில் கணக்கில் வராது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

காஞ்சிபுரம் பக்கம் ஒரு ஜோடி இருக்கிறது: மாமண்டூரும் குரங்கணில்முட்டமும். இரண்டும் பாலாற்றைத் தாண்டித் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்துக்குள். மாமண்டூரில் பெரிய ஏரி ஒன்று, அதையொட்டிய குன்றில் வரிசையாக நாலு குகை. ஒன்றில் மகேந்திரனின் நீண்ட கல்வெட்டு, பாதி சிதைந்துபோய்விட்டது. அவன் எழுதிய மத்தவிலாசம் என்ற நாடகத்தின் பெயர் அதில் வருகிறது. மண்டையோடு ஏந்தித் திரியும் சிவனடியாரான குடிகாரக் காபாலிகனைக் கேலி செய்யும் நாடகம் எழுதின ராசா, அதைப் பற்றிக் கோயில் கல்வெட்டிலேயே சொல்லியிருக்கிறான். அந்த ஆளின் குணம் எனக்குப் பிடித்துப்போக இது ஒன்றே போதும். குரங்கணில்முட்டம் சம்பந்தர் பாடிய தலம். வாலீசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஊருக்குள்ளேயே இருக்கிற குகையையும் பார்க்கலாம்.

இந்தப் பக்கத்தின் லாபம் வழியில் காஞ்சிபுரம் இருப்பது. காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று அக்காவுக்கு வயிறு நிறையும். நஷ்டமும் அதுவேதான். காஞ்சிபுரத்துக்குள் வண்டி நுழைந்தால் பட்டுப்புடவைக் கடையிலிருந்து யாரையும் மீட்க முடியாது, குகை மூன்று மணிக்கு மேல் போய்விடும். குகை பார்க்கத்தான் போகிறோம் என்றால் மாமண்டூரை முதலில் முடித்துவிட்டுக் காஞ்சிபுரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். கிராமத்துக் குகைகளில் கழிவறை, டீக்கடை எதையும் எதிர்பார்க்காதீர்கள். சில இடங்களில் கம்பிக்கதவு பூட்டியிருந்தால் காப்பாளரைத் தேடிப் போகவும் வேண்டிவரும்.

தனியாகவோ ஒரு சிநேகிதரோடோ போகிறவருக்கு நான் சொல்வது மகேந்திரவாடி. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது என்பது நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம். அதே தடத்தில்தான், அரக்கோணம் தாண்டி சோளிங்கர் ஸ்டேஷன் பக்கத்தில், இந்த ஊர் இருக்கிறது. சோளிங்கர் ஸ்டேஷன் இருப்பது பாணாவரத்தில், நரசிம்மர் மலை உள்ள சோளிங்கர் ஊர் அங்கிருந்து தூரம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெரம்பூரில் ஏறலாம், ஊரைச் சுற்றும் வேலையே இல்லை. இறங்கினதும் ஆட்டோ பேசிக்கொண்டு போனால் வயல்வெளியில் தனியாக ஒரு பாறை. அந்த ஒற்றைப் பாறைக்குள்தான் கோயில். மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகம் என்ற ஏரிக்கரையில், மகேந்திர விஷ்ணுகிருகம் என்ற பெருமாள் கோயிலைக் குணபரன் செய்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறான், குணபரன் என்பதும் அவன் பட்டப்பெயர்தான். சிற்பம் என்று பார்த்தால் அதிகம் இல்லை. பதினைந்து பேரோடு வேனில் போய் இறங்கினால், அரை மணி நேரத்தில் "அடுத்தது எங்கே?" என்று கேட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு பாறையை எடுத்து அதற்குள் ஒரு வீடு செய்துவிட்டுப் போன மாதிரி நிற்கும் அந்தக் காட்சி வேறு எங்கேயும் எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

பல்லாவரத்திலும் மகேந்திரன் குகை ஒன்று உண்டு. தூணிலும் மேலேயும் அவன் பட்டப்பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். இப்போது அது முஸ்லிம்களின் வழிபாட்டிடம். நகரத்துக்குள்ளேயே இருப்பதால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பக்கம். ஆனால் அது டூர் போகிற இடம் அல்ல; போனால் அங்கே தொழுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், கேட்டுக்கொண்டு, பார்த்துவிட்டு வர வேண்டும். வேன் நிறைய ஆளோடு போகாதீர்கள்.

வரலாற்றுப் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டும் மண்டகப்பட்டுக்குப் போகலாம். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலைச் செய்தான் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. விசித்திரசித்தன் மகேந்திரனே. அதுவரை கோயில் என்றால் செங்கல், மரம், சுண்ணாம்பு என்றுதான் இருந்திருக்கிறது, நான் அதெல்லாம் இல்லாமல் செய்துவிட்டேன் பார் என்று மீசை முறுக்குகிறான். முகப்பின் இரண்டு ஓரத்திலும் துவாரபாலகர்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். உள்ளே மூன்று அறை, மூன்றும் காலி. அக்காவிடம் இதைச் சொன்னதுமே, "சாமியே இல்லாத கோயிலுக்கு அவ்ளோ தூரமா?" என்று முடித்துவிட்டார். நியாயம்தான்.

ஆனால் ஒரு ராத்திரி செஞ்சியில் தங்க முடியுமானால் கணக்கு மாறும். தளவானூரில் சத்ருமல்லேசுரம் என்ற குகை இருக்கிறது. முகப்பில் மகர தோரணம் செதுக்கியது, சுவரில் ஒரு தமிழ் வெண்பாவும் உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம். அங்கே பள்ளிகொண்ட ரங்கநாதர் குகைக்குள்ளேயே இருக்கிறார், வழிபாடு தவறாமல் நடக்கிறது. மறுநாள் காலை வெயில் ஏறுமுன் செஞ்சிக் கோட்டை. இரண்டு நாள் என்றால் இதைவிட நிறைவான ஏற்பாடு தமிழ்நாட்டின் வடபகுதியில் கிடையாது. ஒரே நாளில் போய்வர நினைத்தால் வண்டியில் உட்கார்ந்தே பொழுது போய்விடும். பஸ் பிடிக்கலாம் என்றால் அதற்குக் கிளாம்பாக்கம் போகவே ஒரு வேளை ஆகிவிடும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே போகலாம் என்று சில இளவட்டங்கள் சொல்கிறார்கள். மகாராஷ்டிரத்து எல்லோரா, எலிபெண்டா, கர்நாடகத்துப் பாதாமி எல்லாம் போனில் பார்த்துவிட்டு நம்ம குகையெல்லாம் சின்னதாகத் தெரிகிறது அவர்களுக்கு. சின்னதுதான். அதற்குக் காரணம் கல். பல்லவர்களுக்குக் கிடைத்தது கருங்கல், எளிதில் உளிக்கு மசியாது. பாதாமி சிவப்பு மணற்கல்; அங்கே பதினெட்டுக் கை நடராசரை ஆபரணம் தெரியச் செதுக்க முடிந்தது. 578இல் முதலாம் கீர்த்திவர்மன் காலத்தில் அவன் தம்பி மங்களேசன் செய்வித்த மூன்றாவது குகையின் தூண்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. எல்லோராவும் எலிபெண்டாவும் எரிமலைக் குழம்பு இறுகின கல். எல்லோராவில் 8ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூடன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், மலையை மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டே வந்து கைலாசநாதரை எடுத்திருக்கிறார்கள். பார்த்தே தீர வேண்டியது. ஆனால் ஒரு வாரம் லீவும், ரயில் டிக்கெட்டுக்குப் பல நாள் முன்னாலேயே முன்பதிவும் வேண்டும். எல்லோரா செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், எலிபெண்டா திங்கட்கிழமை. இது தெரியாமல் போய் கேட்டைப் பார்த்துத் திரும்பினவர்கள் நிறைய.

இந்த மூன்றில் ஒன்றென்றால் நான் பாதாமிக்கு ஓட்டுப் போடுவேன். 642 வாக்கில் மகேந்திரன் மகன் மாமல்லன் நரசிம்மவர்மன் படையெடுத்துப் பிடித்த சாளுக்கியத் தலைநகர் வாதாபி அதுதான்; அவன் கல்வெட்டு அந்த ஊர்ப் பாறையிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்தைப் பார்த்த கண்ணோடு பகையாளி ஊரையும் பார்ப்பதில் ஒரு ருசி உண்டு.

அவ்வளவு தூரம் முடியாது, ஆனால் பெரிதாக ஒன்று பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு யாரும் நினைக்காத ஒரு வழி இருக்கிறது: உண்டவல்லி. விஜயவாடாவுக்கு எதிர்க்கரை, கிருஷ்ணா ஆற்றுக்குத் தெற்கே. சென்ட்ரலில் ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலை இறங்கிவிடலாம். மாதவரத்திலிருந்து ஆந்திரா பஸ்ஸும் உண்டு. வடசென்னைக்காரனுக்கு வடக்கே போவது சுலபம், ஊரைத் தாண்டும் பாடு இல்லை. மலை முகத்தில் நாலு அடுக்காகக் குடைந்தது உண்டவல்லி. மேலே ஏறினால் பெரிய அனந்தசயனப் பெருமாள் பாறையோடு பாறையாகப் படுத்திருக்கிறார். முன்முற்றத்தில் உட்கார்ந்த முனிவர்களும் சிங்கங்களும். திரும்பும்போது கனகதுர்க்கையையும் கும்பிட்டுவிட்டு வரலாம். திருச்சி மலைக்கோட்டையில் கங்காதரர் குகையும் இதே மாதிரி ஒரு ராத்திரிப் பயணம்தான். ஆனால் திருச்சிக்கு எல்லாரும் ஏற்கெனவே கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ ஒரு தடவையாவது போயிருப்பார்கள், அடுத்த தடவை போகும்போது மேலே ஏறிப் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் வேனுக்கு வல்லமும் மாமல்லபுரமும் என்று சொல்லியிருக்கிறேன். ஒரே நாளில் காலையில் கும்பிடுகிற குகை, பிற்பகலில் பார்க்கிற குகை. திருக்கழுக்குன்றத்தில் கீழே பக்தவத்சலேசுவரர் கோயிலோடு நிறுத்திக்கொள்வது. மாமல்லபுரத்தில் வெயில் தாழ்ந்ததும் குன்று. அதற்குப் பிறகு நேரம் இருந்தால் கடற்கரைக் கோயில், இல்லாவிட்டால் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். மகிஷாசுரமர்த்தினிக்குக் காலை வெளிச்சம் கிடைக்காது. அந்தக் குறை இருக்கத்தான் செய்யும், டார்ச் ஒன்று எடுத்துப்போனால் போதும். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் வீட்டிலிருந்தே. திரும்புவது ஈசிஆர் வழியாக. திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாளுக்கு வேண்டுதல் உள்ள வீடு எங்கள் தெருவில் இரண்டு இருக்கிறது, அவர்களுக்காக ஒரு நிறுத்தம். ஒன்பது மணிக்குள் தெருவுக்கு வந்துவிடலாம் என்று அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், பத்து என்று மனசுக்குள் வைத்திருக்கிறேன்.

தேதி தை கடைசியிலோ மாசியிலோ பாருங்கள், பாறை இன்னும் சுடத் தொடங்கியிருக்காது. காணும் பொங்கலன்று மட்டும் வேண்டவே வேண்டாம், அன்றைக்கு மாமல்லபுரத்தில் சிற்பத்தைவிட ஆள்தான் அதிகம். போகிற வழியையும் பேசி வைக்க வேண்டும். மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கத்துக்காரர்கள் வண்டலூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நகரத்தைத் தொடாமலே ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்துவிடலாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு மாதவரம் போய், புழல் பைபாஸில் ஏறி, பெருங்களத்தூரில் இறங்குவது தேவலை. மணலிப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுமுன் புறப்பட்டுவிட வேண்டும். வேன்காரரிடம் பைபாஸ் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் பழக்கத்தில் பீச் ரோட்டுக்குத்தான் வண்டியைத் திருப்புவார்.